"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க..."

முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. அன்றைக்குப் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் கொடுக்கும். ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மரத்தடி என எங்கும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நிற்பார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்த அக்கா, கைக்குழந்தையோடு தங்கை, ஓரமாக ஒரு நாற்காலியில் அம்மா, எல்லோருடைய ஆதார் அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாங்கி வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடும் தம்பி. பத்திர எழுத்தர் தாள்களை மளமளவென்று புரட்டி, "இங்க ஒண்ணு போடுங்கம்மா... இங்க... இந்தப் பக்கம் ஒண்ணு" என்று விரலால் இடம் காட்டுகிறார். உள்ளே போனால் புகைப்படம், கைரேகை, "சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்குறீங்க?" என்று ஒரு கேள்வி. தலையாட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று அந்த அக்காவைக் கேட்டுப் பாருங்கள். "தம்பி பாத்துக்கிட்டான்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

குடும்பங்களை நீதிமன்றம்வரை இழுத்துப்போகும் சிக்கல்களில் பெரும்பகுதி இப்படியொரு நிமிடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். சொத்து, கடன், காப்பீடு, மருத்துவமனை எதை எடுத்தாலும் சட்டம் சாமானியருக்குப் பல பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. அவற்றைப் பறிக்க யாரும் அரிவாள் தூக்க வேண்டியதில்லை, ஒரு பேனா போதும். போட்ட கையெழுத்துகளில் சிலவற்றைத் திரும்பப் பெறலாம், பலவற்றை முடியாது. எது எந்த வகை என்பதை நம் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

பதினாறு முடிந்த கையோடு

வீட்டுப் பெரியவர் தவறிவிட்டால் காரியம் முடியும்வரை யாரும் சொத்துப் பேச்சை எடுப்பதில்லை. பதினாறாம் நாள் படையல் முடிந்து பந்தி எழுந்த பிறகு மெல்ல ஆரம்பிக்கும். "எல்லாரும் வந்திருக்கீங்க, மறுபடி அலைய வேணாம். ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா பட்டாவை மாத்திடலாம்." இதைச் சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. ஊரில் இருந்து நிலத்தைப் பார்ப்பது, வீட்டு வரி கட்டுவது, கரன்ட் இணைப்புக்குப் பெயர் மாற்ற அலைவது எல்லாம் அவர்தான். ஆனால், பட்டா மாறுதலுக்குக் கேட்கும் சம்மதக் கையெழுத்து வேறு, விடுதலைப் பத்திரத்தில் போடும் கையெழுத்து வேறு. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கும் பெயர். அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் முழு உரிமையாளர் ஆவதில்லை, இல்லாததாலேயே இன்னொருவர் பங்கு போய்விடுவதுமில்லை. விடுதலைப் பத்திரமோ பதிவான அன்றே உங்கள் பங்கை அடுத்தவர் பெயருக்குக் கொண்டுபோய்விடும். இரண்டையும் ஒரே பேச்சில், ஒரே நாளில், ஒரே கட்டுத் தாளில் வைத்து நீட்டும்போதுதான் ஆபத்து.

யாருக்கு எவ்வளவு பங்கு? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகிய எல்லோருக்கும் சமமாகப் போகும். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், வயதான தாய் என்றால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. முன்பே இறந்துவிட்ட பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கும் பங்குண்டு. இந்தக் கணக்கில் ஊர் மறப்பது இறந்தவரின் தாயை. மகனைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியும் முதல்நிலை வாரிசு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் வர வேண்டும். விட்டுப்போனால், அன்றைக்குப் பிரச்னை தெரியாது. பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, அந்தப் பாட்டியின் மற்ற பிள்ளைகள் வடிவில் வந்து நிற்கும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பதைத் தமிழ்நாடு மத்தியச் சட்டத்துக்கு முன்பே செய்தது. 1989 மார்ச் 25 முதல், அந்தத் தேதிக்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமை கிடைத்தது. 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது திருமணத் தேதி என்ற தடையும் நீங்கியது. "ஆனா அப்பா 2005-க்கு முன்னாடியே இறந்துட்டாரே" என்று சொல்லி அதற்குப் பிறகும் பல மகள்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 11-ல் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தச் சாக்கையும் மூடியது. உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. "அப்பவே வாய்மொழியா பிரிச்சிட்டோம்" என்ற கதையை, அதற்கு அரசு ஆவணங்களின் ஆதாரம் இல்லாமல், நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் பின்னோக்கிப் போனது. 1956 சட்டம் வருவதற்கு முன்பே உயில் எழுதாமல் இறந்துவிட்ட தந்தையின் சுயசம்பாத்தியம்கூட அவருடைய ஒரே மகளுக்குத்தான் போகும், சகோதரர் வழிக்கு அல்ல என்றது. அவ்வளவு பழைய நியாயத்தையும் தோண்டியெடுத்துக் கொடுக்கிற சட்டம், நேற்று மதியம் ஒரு பெண் தானே எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் முன்னால் கைகட்டி நிற்கிறது.

"உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பார்கள். சீர் செய்ததால் வாரிசுப் பங்கு அழிந்துவிடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நகை அவளுடைய சீதனம், பங்கு அவளுடைய வாரிசுரிமை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஆனால், சட்டம் தெரிந்தால் மட்டும் தீர்ந்துவிடுகிற விஷயமா இது? பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும், நாளைக்குத் தன் பெண் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வராது, கணவன் வீட்டில் ஒரு சண்டை என்றால் வந்து நிற்க இடமிருக்காது என்ற பயம் அந்த அக்காவுக்கு இருக்கிறது. அது வீண் பயமில்லை. எல்லாம் தெரிந்தே, தம்பியின் கஷ்டத்தைப் பார்த்து, மனமுவந்து விட்டுக்கொடுக்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை, அதைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை. விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. அந்த இடத்துக்கு அரசு வழிகாட்டி மதிப்பு என்ன, சந்தை விலை என்ன, தன் பங்கு எத்தனை சென்ட், அம்மாவுக்கு அந்த வீட்டில் கடைசிவரை இருக்க என்ன ஏற்பாடு என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் தம்பியிடம் கையெழுத்துக்கு அவசரமே இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

பத்திரத்தின் வாசகத்தில் ஓர் இடத்தைக் கட்டாயம் வாசிக்கச் சொல்லுங்கள். பல விடுதலைப் பத்திரங்களில் இவ்வளவு ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு விடுதலை செய்வதாக ஒரு வரி இருக்கும். ஒரு பைசாவும் வாங்காதவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டால், பிறகு வாங்கவில்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு.

செலவைக் காட்டியும் அவசரப்படுத்துவார்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினை மூன்றுக்கும் முத்திரைத்தாள் கட்டணம் 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தன. ஆக, விடுதலை எழுதினால் செலவு மிச்சம், பாகப்பிரிவினை என்றால் சொத்தே கரைந்துவிடும் என்ற பேச்சில் பெரிய உண்மையில்லை. அக்காவுக்கு ஒரு சின்ன மனையாவது ஒதுக்கி முறையாகப் பாகப்பிரிவினை செய்தால் மூன்று தலைமுறைக்கு வழக்கில்லாமல் இருக்கும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளிடம், "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதி வாங்குவதும் நடக்கிறது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் அவர் இருக்கும்வரை யாருக்கும் பங்கே கிடையாது. இல்லாத உரிமையை எழுதிக் கொடுப்பது பொதுவாகச் செல்லாது. ஆனால், அதற்காகப் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால், பின்னால் பங்கு கேட்டு வரும்போது நீதிமன்றம் அதையே காட்டித் தடுத்துவிடும். 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஒரு மகன் தன் தந்தையிடம் அப்படி எழுதிக் கொடுத்தது, பின்னால் அந்த மகனின் பிள்ளைகளையே கட்டுப்படுத்தியது.

சின்னக் குழந்தைகளோடு கணவனை இழந்த பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "புள்ளைங்களுக்கும் சேர்த்து நீயே போட்டுடும்மா" என்பார்கள். பதினெட்டு வயது நிறையாத குழந்தைக்கு வாரிசாக வந்த அசையாச் சொத்தைத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதியில்லாமல் எழுதிக் கொடுக்க முடியாது. மீறி எழுதினால் அந்தப் பிள்ளை பதினெட்டு வயதிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு ரத்துசெய்யலாம். அந்தக் கெடுவும் ஓடி முடிந்துவிடும் என்பதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் எல்லோருக்கும் சமம். இஸ்லாமியக் குடும்பங்களில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. அங்கே சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

"இருக்கும்போதே எழுதி வெச்சிடுங்கப்பா"

பெற்றோரிடம் கேட்கப்படும் கையெழுத்து வேறு மாதிரி. அது பாசத்தோடு கேட்கப்படும். "நாளைக்கு எங்களுக்குள்ள தகராறு வரக் கூடாதுல்ல, நீங்களே எழுதிடுங்க." நியாயமான பேச்சுதான். ஆனால் எதை எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உயில் எழுதினால், மூச்சு இருக்கும்வரை வீடு உங்களுடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். தான செட்டில்மென்ட் எழுதினால் பதிவான அன்றே வீடு மகனுடையது. மறுநாள் காலையில் அதே திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் பேப்பர் படித்தாலும், சட்டத்தின் பார்வையில் மகன் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மனம் கசந்தால் நீங்களே போய் ரத்துப் பத்திரம் பதிவுசெய்துவிட்டு வரவும் பொதுவாக முடியாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்துக் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். என்றாலும் பதிவுசெய்துவிடுவதே நல்லது என்பேன். காணாமல்போனால் நகல் எடுக்கலாம், போலி என்ற பேச்சு குறையும். சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஆட்கள் மரியாதைக்காகத் தெருவின் மூத்தவரைக் கூப்பிடுகிறார்கள். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உங்களைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் எந்தப் பயனும் அடையாதவர்களாகப் பாருங்கள்.

செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால், ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் தனக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு என்ற வாசகத்தைச் சேருங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். "பெத்த பையன்கிட்ட இதையெல்லாம் எழுதிக் கேக்கறதா?" என்று கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தின் விலையை முதியோர் இல்லங்களில் பார்க்கலாம்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கலாம். 60 வயது நிறைந்தவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். வழக்கறிஞர் தேவையில்லை. பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. பத்திரத்தில் நிபந்தனை எழுதப்படாவிட்டால் என்ன என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை. அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லும்போதே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கிவிடுகிறது என 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனதுக்கு ஆறுதலான தீர்ப்பு. ஆனாலும் எண்பது வயதில் படியேறி அந்த ஆறுதலைத் தேடிப் போவதைவிட, பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதுவது எளிது.

நாமினியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வங்கிக் கணக்கில் மூத்த மகன் பெயரை நாமினியாகப் போட்டதால் பணம் முழுக்க அவனுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நாமினி, பணத்தை வங்கியிடமிருந்து வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். ஆயுள் காப்பீட்டில் இதை 1983-லும், பங்குப் பத்திரங்களில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ல் ஒரு மாற்றம் வந்தது. மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர்வரை நாமினியாகப் போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். வங்கிக்குப் போகும்போது மனைவி பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் இன்னும் அப்பா பெயரே இருக்கும்.

ரெவென்யூ ஸ்டாம்ப்பின் மேல்

கடனுக்குப் போடும் கையெழுத்துகள்தான் எனக்கு மிக அச்சம் தருபவை. ஏனென்றால் அவற்றை வாங்க பதிவு அலுவலகம் வேண்டாம், சாட்சி வேண்டாம், வீட்டுத் திண்ணையே போதும்.

ஊரில் வட்டிக்கு வாங்கும்போது ஒரு புரோநோட்டில் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்குவார்கள். தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும். "அப்புறம் நிரப்பிக்கலாம்." கூடவே தேதியும் தொகையும் போடாத இரண்டு காசோலைகள். வாங்கியது 50,000 ரூபாய், வழக்கில் வருவது 5 லட்சம். முத்திரை ஒட்டி வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டை, அந்த முத்திரைக்கு உட்பட்ட தொகைக்கு நிரப்பிக்கொள்ளக் கொடுத்தவருக்கு நீங்களே அதிகாரம் கொடுத்ததாகச் செலாவணி ஆவணச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பணம் கைமாறியதாகவும் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பாடு கையெழுத்துப் போட்டவருடையது. வெற்றுக் காசோலைக்கும் இதே கதிதான் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. காசோலை திரும்பிவந்தால் அதே செலாவணி ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. இரண்டு ஆண்டுவரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்குவரை அபராதம். அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அந்த 15 நாளில் பதில் அனுப்புங்கள். பயந்து நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எதுவும் நின்றுவிடாது.

ஜாமீன் கையெழுத்துக்கு வருவோம். "சும்மா பேருக்குத்தான் மச்சான், தவணை நான் கட்டிடுவேன்." இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. வங்கி முதலில் கடன்காரரை விரட்டிவிட்டு முடியாதபோதுதான் உங்களிடம் வரும் என்பது தவறான நம்பிக்கை. மாதச் சம்பளமும் சொந்த வீடும் உள்ளவர் நீங்கள் என்றால் நேராக உங்களிடமே வரலாம். நீங்கள் கட்டிய பிறகு மச்சானிடம் வசூலிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை வைத்துக்கொண்டு மச்சான் மேல் வழக்குப் போடுகிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கட்ட முடிந்த தொகைக்கு மட்டும், கடன் ஒப்பந்த நகலைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

மறுபடியும் அந்தப் பதினாறாம் நாளுக்குப் போக வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கடன் கொடுத்தவர்களும் வருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால், "அப்பா வாங்கினது, புள்ள ஏத்துக்கணும், அதுதானே மரியாதை" என்பார்கள். கண்ணீர் காயாத மகன், தன் பெயரில் புது நோட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவான். போட்ட நொடியில் அப்பாவின் கடன் அவன் கடனாகிவிட்டது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. வாரிசுகள், தங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு எவ்வளவோ அதுவரைதான் பதில் சொல்ல வேண்டும். சொத்தே வராதவன் தன் சம்பளத்திலிருந்து கட்டியாக வேண்டியதில்லை. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்ற பழைய விதியை வைத்து இனி வழக்குத் தொடர முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமே சொல்லிவிட்டது. தர்மமாக நினைத்துக் கட்டுகிறவர் கட்டட்டும். ஆனால் அசல் எவ்வளவு, ஏற்கெனவே கட்டிய வட்டி எவ்வளவு, பழைய நோட்டின் தேதி என்ன என்று கேளுங்கள். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம்; இடையில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அது நீளும். அப்பா வாங்கிய வங்கிக் கடனுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டிருந்ததா என்றும் விசாரியுங்கள். கட்டி முடித்தால் பழைய நோட்டையும் காசோலைகளையும் கேட்டு வாங்கிவிட்டுத்தான் எழ வேண்டும். அடமானக் கடனைத் தீர்த்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து கத்துவது, மிரட்டுவது போன்ற கட்டாய வசூலைக் குற்றமாக்கி 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. அவமானத்துக்குப் பயந்து புதுப் புது நோட்டில் கையெழுத்துப் போடுவதைவிடக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கையெழுத்துப் போடுவது மேல்.

ஆஸ்பத்திரி வாசலில்

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்புவது முகவர். சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று டிக் போட்டுக்கொண்டே போவார். "இதெல்லாம் போட்டா பாலிசி கிடைக்காது சார்." கையெழுத்து நம்முடையது. நாலு வருடம் பிரீமியம் கட்டி, நெஞ்சுவலியில் படுத்த அன்றைக்கு, பழைய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனம் மறுக்கிறது. அப்போது முகவர் போனை எடுக்க மாட்டார்.

உண்மையைச் சொல்லியே பாலிசி எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருந்தால் போதும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. தொடர்ந்து ஐந்து வருடம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, முன்பு சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. பாலிசி ஆவணத்தோடு நாம் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலும் வரும். அதை வாசியுங்கள். தவறு இருந்தால் 30 நாளுக்குள் பாலிசியையே திருப்பித் தரலாம், அல்லது திருத்தச் சொல்லி எழுதலாம். மறுத்துவிட்டார்கள் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய்வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

அறுவைசிகிச்சைக்கு முன் நீட்டும் சம்மதப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது? நம் ஊரில் கணவரைத் தேடுவார்கள், அப்பாவைத் தேடுவார்கள். நினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் உடலுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கநிலையில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குப் பொருந்தாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் மகளின் சம்மதமாகாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருக்கலைப்புக்கும் பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டப்படி போதும். படிவத்தை வாசிக்கக் கொஞ்சம் நேரம் கேளுங்கள், என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்று உங்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்தபின் மருத்துவப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

போட்டாகிவிட்டது, இனி?

இதை வாசிக்கும் பலர் ஏற்கெனவே எங்கோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். முதல் வேலை, அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குவது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கட்டணமில்லாமல் பார்க்கலாம். உங்கள் சொத்தில் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று அதில் தெரியும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய பத்திரத்தை ரத்துசெய்யக் கோரும் வழக்குக்கு, ஏமாந்தது தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு. குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்று நல்ல நாளுக்காகக் காத்திருந்தே இந்த மூன்று வருடத்தைத் தொலைத்தவர்கள் பலர். பேச்சு நடக்கட்டும், தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி சமூகத்தினரும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு மட்டும்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது ஒரு தாளை நீட்டியிருந்தால், போடுவதற்கு முந்தைய நாள் அதை எடுத்துக்கொண்டு போய், இதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்கலாம்.